ஆங்கிலச் சொல் சேர்த்த கதை

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது நாம் முதலில் மறுத்தோம். கல்லூரியின் வரலாற்றை எழுதுதற்கு எம்மினும் மூத்தோர் உளர். விளையாட்டுத்துறையின் வெற்றிகளை எழுதுதற்கோ, பந்தை ஒருமுறையேனும் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அடித்தவர் வேண்டும். ஆயினும் மலர்க்குழுச் செயலாளர் விடுவதாயில்லை. "ஐயா, முப்பது ஆண்டுக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தீர்கள். மேல்வகுப்பு மாணவர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஆங்கிலத்திலே நல்ல நல்ல சொற்களை எப்படிச் சேர்ப்பது? அதையே எழுதித் தாருங்கள்" என்றார். 'நல்ல நல்ல சொற்கள்' என்ற அத்தொடரே எம்மை எழுத உட்கார வைத்தது. நாமும் ஒரு காலத்தில் நல்ல சொற்களைத் தேடித் திரிந்து நகைப்புக்கு இடமானவர்.

தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து இக்கல்லூரிக்கு வந்து சேர்ந்தோம். எட்டாம் வகுப்பில் இருந்த காலம். ஆங்கில ஆசிரியர், 'எங்கள் தேயிலை' என்னும் பொருள் பற்றி ஒரு பக்கம் எழுதி வருமாறு கூறினார். அதே கிழமையில்தான் தமிழ்ப் பண்டிதர், பழந்தமிழில் நாற்றம் என்பது நறுமணத்தையே குறிக்கும் என்று விளக்கியிருந்தார். அப்புதிய அறிவு எம் தலைக்குள் நின்று துள்ளிற்று. நூலகத்திலிருந்த தமிழ் ஆங்கில அகராதியைப் புரட்டி நாற்றம் என்பதற்கு நேரே கண்ட சொற்களுள், உச்சரிக்கும்போது மிடுக்காகத் தோன்றியதொன்றைத் தெரிந்தெடுத்தோம். ஊவாத் தேயிலையின் 'ஸ்டென்ச்' உலகமெங்கும் புகழ்பெற்றது என எழுதிக் கொப்பியை ஒப்படைத்தோம். அச்சொல் மூக்கைப் பொத்தவைக்கும் துர்நாற்றத்தைக் குறிப்பதென்பதை யார் கண்டார்!

ஆசிரியர் கோபிக்கவில்லை. சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இந்த வசனத்தைக் கொழும்பு ஏலத்தில் வாசித்தால் எங்கள் தோட்டமெல்லாம் மூடவேண்டி வரும்" என்றார். பின்பு எமக்கு மட்டுமன்றி வகுப்பு முழுவதற்குமாகத் தேயிலை சுவைப்போரைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அன்று கேட்டவற்றுட் பெரும்பகுதி இன்றும் நினைவில் நிற்கின்றது.

கொழும்பில் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 ஆந் திகதி தொடங்கியது. அத்தொழிலில் உள்ளோர், வாயில் உறிஞ்சித் துப்பும் ஒரு கரண்டிச் சாயத்தை விவரிக்கத் தமக்கென ஒரு சொற்றொகுதி வைத்திருக்கின்றனர். நாவில் உயிரோடு சுரீரென நிற்பது 'பிரிஸ்க்'. அவ்வுயிர் இல்லாதது 'பிளாட்'. நாவை நிறைக்கும் கனமுடையது 'பொடி' உடையது. இச்சொற்கள் யாவும் சிறியவை, நாட்சந்தையிலும் வழங்குபவை. ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தல் ஆகாது. வைத்தால் விலை மாறும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று மலையேறி வீசும்போது கொய்யப்படும் ஊவாக் கொழுந்துக்கு ஒரு தனி வாசனை உண்டு. சுவைப்போர் அதனை 'பிளேவர்' என எழுதிவிட்டு விலையைக் கூட்டுவர். இரசாயனவியலார் மெதைல் சலிசிலேற்று முதலாய ஆவியாகும் பொருள்களின் பெயரைச் சொல்லுவர். (வலிக்குப் பூசும் தைலத்தில் மணப்பதும் அம் மெதைல் சலிசிலேற்றே.) எம் தாயாரோ, "வெயில் கொழுந்து வாசம்" என்று சொல்லிக் கூடையை இறக்குவார். மணம் ஒன்றே. எழுதுமிடம் மாறச் சொல் மாறுகின்றது. இதனை எட்டாம் வகுப்பிலே கேட்டும், உள்ளே வாங்கிக்கொள்ள எமக்கு இன்னும் சில ஆண்டுகள் வேண்டியிருந்தன.

நம் முன்னோர் சொற்சேர்க்கையை விளையாட்டாகக் கருதவில்லை. திண்ணைப் பள்ளியில் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டை நெட்டுருப் பண்ணுவித்தே மேலே கொண்டுசென்றனர். ஆறுமுகநாவலர் அதனைப் பரிசோதித்து அச்சிட்டதும் அக்காரணம் பற்றியே. அந்நிகண்டு சொற்களை அகர வரிசையில் அடுக்கவில்லை. தேவர் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் எனப் பொருள் வாரியாகக் கூட்டிவைத்தது. ஒரு சொல்லுக்குரிய பல பொருளைப் பிறிதொரு பகுதியிற் கூறிற்று. கற்பவன் சொல்லைத் தனியே கற்காது அதன் சுற்றத்தாரோடு கற்றான். எம் காலத்து மாணவரோ, பரீட்சைக்கு முந்திய மாதத்தில் ஆங்கில அகராதியின் முதலெழுத்திலிருந்து தொடங்கி நாளுக்கு இருபது சொல் வீதம் மனனஞ் செய்தோம். மூன்றாம் எழுத்தைக் கடந்தவரை நாம் கண்டதில்லை. கற்ற சொல்லோ விடைத்தாளிலே வந்து எங்கோ ஒரு மூலையில், கலியாண வீட்டில் அழையாத விருந்தாளியைப் போல, இருக்கத் தெரியாமல் இருக்கும்.

இனித் தோட்டப்புறத்து மாணவர் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தமக்கு ஆங்கிலமே தெரியாது என்று எண்ணிக்கொண்டு அவர்கள் வகுப்பினுள் அச்சத்தோடு நுழைகின்றனர். இதனிலும் பெரிய தவறு வேறில்லை. லயம் என்பது 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, 'பரேட்' என்பதன் திரிபு. செக்றோலும் டிவிசனும் ஸ்டோரும் சொல்லாமலே விளங்கும். கண்டாக்கையா 'கண்டக்டர்' ஆவார். பெரிய கங்காணிக்கு ஆட்கணக்கில் கொடுக்கப்பட்ட பென்சுக் காசில் இங்கிலாந்தின் செப்பு நாணயம் இன்னும் கிடந்து ஒலிக்கின்றது. காம்பராவும் தவறணையும் ஆங்கிலேயருக்கு முன்னே வந்தவர் விட்டுச் சென்றவை. தொல்காப்பியர் திசைச்சொல் என்று ஒரு வகை வகுத்தாரன்றோ? அதற்கு உதாரணம் தேடி நூலகத்துக்குப் போகவேண்டியதில்லை, பெரட்டுக்களத்துக்குப் போனாற் போதும்.

எதிர்த்திசையிலும் சொற்கள் போயின. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதிகளில் உருமாறி உட்கார்ந்திருக்கின்றன. கங்காணியும் அங்கே உண்டு. இவற்றினும் கொடியது துண்டு. தொழிலாளி ஒருவர் தோட்டம் மாறும்போது அவர் தலைமேலிருந்த கடன் இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டுக்கு அப்பெயர். அச்சீட்டோடு கடனும் அவரைத் தொடர்ந்தது. ஆங்கிலத்திலிருந்த அரசாங்க ஆவணங்களிலும் அது துண்டு என்றே எழுதப்பட்டு, 1921 இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. இவ்வளவு சொற்களை வீட்டிலிருந்தே கொண்டுவரும் பிள்ளையை, வெறுங்கையோடு வந்தவன் என்று எண்ணிப் பாடந்தொடங்குவது ஆசிரியரின் குற்றமேயாகும். எம் குற்றமும் அதுதான். முதற் பத்தாண்டு நாமும் அவ்வாறே தொடங்கினோம்.

ஒரு சொல் இடந்தவறினால் யாது நேரும் என்பதை எம் குடும்பத்துத் தகரப் பெட்டி எமக்குக் கற்பித்தது.

எம் பாட்டனார் திருச்சிராப்பள்ளிச் சீமையிற் பிறந்து, பிள்ளைப் பருவத்திலேயே பெற்றோருடன் ஊவா மலைக்கு வந்தவர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலாரை வெளியே நிறுத்திற்று. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுவதற்கு ஓர் ஒடுங்கிய வாயிலைத் திறந்தது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவராயின் 7 ஆண்டும் மணமாகாதவராயின் 10 ஆண்டும் இலங்கையில் இடையறாது வதிந்திருத்தல் வேண்டும். இடையில் வெளியே சென்றிருப்பின் அது 12 மாதத்தைக் கடந்திருத்தலாகாது. இலங்கையையே நிலையான இருப்பிடமாகக் கொண்டிருத்தல் வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு தவணை கொடுக்கப்பட்டது. படிவமோ ஆங்கிலம். பாட்டனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகருக்கு இறங்கி, மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவரிடம் இரண்டு ரூபாய் கொடுத்து எழுதுவித்தார்.

எம் இளமைக் காலத்தில் அவர் எப்போதும் சொல்லும் குறை ஒன்றுண்டு. "எல்லாம் சரியாத்தான் சொன்னேன். ஏன் இல்லேன்னு போட்டாங்கன்னு தெரியலே" என்பார். 1967 இல் சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்து வீட்டிலிருந்தபோது, அத்தகரப் பெட்டியிற் கிடந்த விண்ணப்பப் பிரதியை எடுத்து வாசித்தோம். ஓரளவு ஆங்கிலம் அப்போது கைவந்திருந்தது. 1938 இல் தம் தங்கையின் திருமணத்துக்காக எட்டு மாதம் இந்தியா சென்று திரும்பிய செய்தி அதில் ஒரே வரியில் இருந்தது. அவ்வரியில் மனு எழுதியவர் 'வென்ட் ஹோம்' என்று எழுதியிருந்தார். வீட்டுக்குப் போனார் என்பது பொருள்.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. பாட்டனார் "ஊருக்குப் போய் வந்தேன்" என்று சொல்லியிருப்பார். தோட்டத்தில் எல்லோரும் அவ்வாறுதான் சொல்லினர். கடலைக் காணாத பிள்ளைகளுங்கூட, பாட்டனின் பாட்டன் விட்டுவந்த கிராமத்தை ஊர் என்றே சொல்லும். நாற்பதாண்டு வாழ்ந்த மலை தோட்டம், ஒருமுறை போய் வந்த இடம் ஊர். அந்த ஊரை ஆங்கிலமாக்குக என்றால் மனு எழுதுபவர் வேறென் செய்வார்? விசாரணைக்கு அழைத்த அதிகாரி அவ்வரியின்மேல் விரலை வைத்து, "உன் வீடு எங்கே?" என்று கேட்டாராம். பாட்டனாரும் நேர்மையாக, திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலே இன்ன ஊர் என்று பதில் சொன்னாராம். நிலையாகக் குடியமர்ந்தமை நிறுவப்படவில்லை என முடிவு வந்தது.

அந்த ஒரு சொல்லே காரணம் என்று நாம் சாதிக்க வரவில்லை. குறையின்றி எழுதப்பட்ட விண்ணப்பங்களும் பல தள்ளப்பட்டன. சட்டத்தின் வாயிலே அத்துணை ஒடுக்கம். ஆயினும் 'ரெசிடென்ஸ்', 'டெம்பரரி விசிட்' என்னும் இரண்டு தொடர்கள் அம்மனு எழுதியவரின் கையில் இருந்திருந்தால், அதிகாரியின் விரலுக்கு அங்கே இடம் கிடைத்திராது. 1964 அக்டோபர் 30 ஆந் திகதி சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டு, 525,000 பேர் அங்கும் 300,000 பேர் இங்குமாகப் பங்கிடப்பட்டனர். எம் சிற்றப்பனார் தலைமன்னாரிற் கப்பலேறிக் கூடலூருக்குப் போனார். பாட்டனார் எந்நாட்டவரும் அல்லாதவராகவே 1973 இல் மறைந்து, தோட்டத்து மேட்டிலே புதைக்கப்பட்டார். எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது.

அன்றுதொட்டு ஒரு பழக்கம் ஏற்பட்டது. கொப்பி ஒன்றில் சொற்களைக் குடும்பம் குடும்பமாக எழுதத் தொடங்கினோம். முதற்பக்கத்தில் 'ஹோம்' என்பதன் சுற்றத்தார். கதையிலும் கடிதத்திலும் அது ஹோம். கட்டடத்தை மட்டுஞ் சொன்னால் 'ஹவுஸ்'. படிவத்தில் ரெசிடென்ஸ். வழக்குமன்றத்தில் 'டொமிசைல்', அதில் இருப்பு மட்டுமன்றி, அங்கேயே நிலைத்திருக்கும் கருத்தும் அடங்கும். உறைமேல் 'அட்ரஸ்'. தமிழிலும் இஃதே நிலைமை: வாழ்வது வீடு, மண அழைப்பிதழில் இல்லம், செய்யுளில் மனை, அரசாங்கப் படிவத்தில் வதிவிடம். கலியாண அழைப்பிதழில் வதிவிடம் என்று அச்சிடுபவன் உண்டா? தாய்மொழியில் இப்பிழை நாம் விடுவதில்லை. அந்த உணர்ச்சியை ஆங்கிலத்துக்கும் கொண்டுசெல்வதே சொற்சேர்க்கை என்று நாம் கண்டோம்.

பிற்காலத்தில் ஆசிரியப் பயிற்சியின்போது, அறிஞர் சிலர் இவ்வேலையை எண்ணிக் கணக்கிட்டுச் செய்திருத்தலை அறிந்து வியந்தோம். வங்காளத்து டாக்காவிலே ஆசிரிய கலாசாலையில் தொண்டாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பார், ஆங்கிலத்தில் அடிக்கடி வழங்கும் சொற்களை ஏறக்குறைய 2,000 ஆகத் தொகுத்து 1953 இல் வெளியிட்டார். ஏழை நாட்டுப் பிள்ளைக்கு எச்சொல் முதலில் வேண்டும் என்ற கவலையிற் பிறந்த தொகுப்பு அது. நியூசிலாந்திலே அவரில் கொக்ஸ்ஹெட் என்னும் அம்மையார் 2000 ஆம் ஆண்டில், கலை, வர்த்தகம், சட்டம், விஞ்ஞானம் என்னும் நான்கு துறை நூல்களிலுமாக 35 இலட்சம் சொற்களை ஆராய்ந்து, வெஸ்டின் பட்டியலுக்கு அப்பால் 570 சொற்குடும்பங்களை வகுத்தார். பல்கலைக்கழக நூல்களில் நூற்றுக்குப் பத்துச் சொல் அப்பட்டியலைச் சேர்ந்தது. கதை நூல்களிலோ நூற்றுக்கு ஒன்றரை கூட இல்லை. மேல்வகுப்பு மாணவர் இவ்விரண்டு எண்களையும் ஒருகணம் நின்று நோக்கவேண்டும். விஞ்ஞானக் கட்டுரைக்கு உயிராயுள்ள சொல், சிறுகதைக்கு வேண்டாப் பொருளாகின்றது. எமக்கு ஒரு தனிச் செய்தியும் அப்பட்டியல்களில் இருந்தது. ஹோம் வெஸ்டின் பட்டியலில் இருக்கின்றது. ரெசிடென்ஸ் என்பதன் குடும்பமும் டெம்பரரி என்பதன் குடும்பமும் கொக்ஸ்ஹெட் அம்மையாரின் பட்டியலில் இருக்கின்றன. பாட்டனாரின் மனு, ஒரு பட்டியலிலிருந்து மற்றதற்குச் செல்ல இயலாமல் நின்றுவிட்ட மனு.

இனி, கேட்ட கேள்விக்கு விடை. விண்ணப்பமும் அலுவற் கடிதமும் எழுதப் புகுவோர், 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று இரந்து தொடங்கும் பழைய எழுதுவினைஞர் நடையை விட்டுவிடுக. அது மூத்தோர்க்கு உரியதாயிருந்து அவர்களோடு ஓய்வுபெற்றது. எளிய வினைச்சொல், சரியான திகதி, படிவத்தின் சொல்லையே திருப்பிக் கூறல் ஆகிய இவை போதும். செய்முறை விளக்கம் எழுதுவோர்க்கு வினைச்சொல்லே செல்வம். தேயிலை ஸ்டோரில் ஒரு நாள் நின்று பார்த்தால் வாட்டல், உருட்டல், நொதித்தல், உலர்த்தல், சலித்தல் ஐந்துக்கும் ஆங்கிலம் இயந்திரத்தின் பெயரிலேயே கிடைக்கும். ரோலர் இருக்குமிடத்தில் 'ரோல்' என்னும் வினை இல்லாமற் போகுமா? பி.ஓ.பி. என்பதையும் டஸ்ட் என்பதையும் பிள்ளைகள் பேச்சு வந்த நாள் முதல் அறிவர்.

வாதக் கட்டுரையே கடினமானது. அங்கே பெயர்ச்சொல்லன்று இடர் தருவது. பிறர் கூற்றை எடுத்துரைக்கும் சொல்லே. ஒருவர் 'புரூவ்' செய்தார் என்றால் நிறுவினார் என்பதாம். 'சஜஸ்ட்' செய்தார் என்றால் கருத்தைத் தாழ்குரலில் முன்வைத்தார் என்பதாம். 'கிளெய்ம்' செய்தார் என எழுதினால், அவர் சொல்கிறார், நமக்கு ஐயம் உண்டு என்பது தொனிக்கும். மூன்றுக்கும் 'சே' என்றெழுதுபவன் தவறு செய்யவில்லை. ஆயினும் தான் எப்பக்கம் நிற்கின்றான் என்பதை அவன் சொல்லவுமில்லை. உயர்தரத்துப் பொது ஆங்கில விடைத்தாள்களைத் திருத்தியபோது, நீண்ட சொற்களை அள்ளித் தெளித்த மாணவரைவிட, இம்மூன்றையும் இடமறிந்து வைத்தவரைக் கண்டே எம் பேனா தாராளமாகியது.

சுருக்கம் எழுதுதலைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அதற்குச் சொல் வேண்டியதில்லை, சொல்லை விடும் துணிவு வேண்டும். ரோஜே என்னும் மருத்துவர் 1852 இல் வெளியிட்ட ஒருபொருட் சொற்களஞ்சியத்தையும் அதன் வழித்தோன்றல்களையும் மாணவர் பெரிதும் நாடுகின்றனர். நாடுக, ஆனால் முன்னமே அறிந்த சொல்லை நினைவுக்குக் கொண்டுவருதற்கு மட்டும். புதுச் சொல்லை அங்கிருந்து நேரே விடைத்தாளுக்குக் கொண்டுவந்தால் எமது ஸ்டென்ச் கதைதான்.

இக்கேள்வி இன்று பதுளைப் பிள்ளைகட்கு முன்னரினும் நெருங்கி வந்துள்ளது. ஊவா வெல்லச பல்கலைக்கழகம் 2005 முதல் நம் நகரிலேயே இருக்கின்றது. போதனா மொழி ஆங்கிலம். தேயிலைத் தொழினுட்பத்துக்கே அங்கு ஒரு பட்டப்படிப்பு ஏற்படுத்தப்பட்டது. கொழுந்து பறித்த கையின் பிள்ளை, கொழுந்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வறிக்கை எழுதும் வழி, நடந்து போகும் தூரத்தில் திறந்திருக்கின்றது. ஆயினும் பதின்மூன்றாண்டு தமிழிற் கற்று முதற்கிழமை விரிவுரை மண்டபத்தில் அமர்ந்த பிள்ளைகள் சிலர் அழுதுகொண்டே எம் வீட்டுப் படியேறியதுண்டு.

சென்ற ஆண்டு அப்படியொரு பிள்ளை வந்தாள். பசறைப் பக்கத் தோட்டம். தாய் கொழுந்து பறிப்பவர். அழவில்லை. புலமைப்பரிசில் விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டு வந்து, "சேர், ஒருக்காப் பாத்துத் தாங்க" என்று நீட்டினாள். நிலையான முகவரி கேட்ட இடத்தில், தோட்டத்துக் கடிதங்கள் வந்து சேரும் தோட்ட அலுவலகத்தின் பெயரோடு லயத்தின் இலக்கத்தையும் அறையின் இலக்கத்தையும் எழுதியிருந்தாள். கீழே 'ஹோம் டவுன்' என்று ஒரு கட்டம். பேனா கையிலிருக்க நாம் சற்றுத் தயங்கினோம். அவள் அதனை முன்னமே நிரப்பியிருந்தாள். பதுளை என்று எழுதி, நகரின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் இரட்டிக்க மறந்திருந்தாள். அவ்வெழுத்தைச் சேர்த்துக் கொடுத்தோம்.